ஊர்த் தண்ணீருக்குப் பணம் எப்படி முடிவானது? நேரில் கண்டதைப் பகிருங்கள்

கொங்குப் பகுதி நகராட்சி ஒன்றின் வார்டு உறுப்பினர்:

2022 மார்ச் 2-ஆம் தேதி பதவியேற்றேன். அதுவரை எனக்குத் தெரிந்தது வீடும் தையல் மிஷினும்தான். பெண்களுக்கான வார்டு என்று வந்ததால் நின்றேன். ஓட்டுக் கேட்டுப் போன எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான். "ஜெயிச்சா தண்ணி கொண்டு வருவியா கண்ணு?" எங்கள் தெருவுக்கு அப்போது எட்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர். அதுவும் வால்வு திறப்பவர் எத்தனை மணிக்கு வருவார் என்று தெரியாது. இரவு இரண்டு மணிக்குக் குழாயில் காற்று சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவோம்.

ஒரு மாதம் போயிருக்கும். ஏப்ரல் கூட்டத்துக்கு அஜெண்டா வந்தது. தண்ணீர் என்ற சொல்லைத் தேடினேன், இல்லை. இருந்தது சொத்து வரிச் சீராய்வு. 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. கூட்டத்தில் ஒரே சத்தம். எதிர்க்கட்சியினர் வெளிநடப்பு செய்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. ஜெயித்த கையோடு வரியை ஏற்றிவிட்டு எந்த முகத்தோடு தெருவுக்குப் போவது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் பொறியாளர் ஒருவர் உட்கார வைத்து விளக்கினார். மத்திய அரசின் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரிக்கப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழுவின் மானியம் ஊருக்கு வர வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும். அப்புறம் மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சியை ஒட்டி வரி வசூலும் உயர்ந்துகொண்டே வர வேண்டும். எங்களைப் போன்ற ஊர்களுக்கு வரும் அந்த மானியத்தில் 30 சதவீதம் குடிநீருக்கு என்றே ஒதுக்கப்பட்டது. வேறு எதற்கும் தொட முடியாது. அதாவது நான் கை தூக்கியது தண்ணீருக்கும் சேர்த்துத்தான், எனக்குத்தான் அது தெரியவில்லை. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லையே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. தெரிந்திருந்தால் தெருவில் நின்று தலை நிமிர்ந்து சொல்லியிருப்பேன்.

அடுத்து அம்ருத் 2.0 என்ற மத்திய அரசின் நகரக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் மக்கள் உள்ள ஊர் என்பதால் திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசு தரும். மீதியை மாநில அரசும் நகராட்சியும் பார்த்துக்கொள்ள வேண்டும். நகராட்சியின் பங்குக்குக் கடன் வாங்க மன்றத்தின் அனுமதி கேட்டு அஜெண்டாவில் ஒரு பொருள் வந்தது. அரைப் பக்கம்தான். கீழே வழக்கம்போல "மன்றம் அனுமதிக்கலாம்" என்ற அலுவலகக் குறிப்பு. அதற்கு முந்தைய பொருள் தெருவிளக்கு, பிந்தைய பொருள் வாரச்சந்தை ஏலம். இரண்டுக்கும் நிறையப் பேர் பேசினார்கள். பல ஆண்டுகளுக்கு ஊரைக் கட்டிப்போடும் கடன் மட்டும் ஒரு நிமிடத்தில் தாண்டிப் போகப் பார்த்தது.

எழுந்து ஒரே கேள்வி கேட்டேன். "இந்தக் கடனை எதிலிருந்து கட்டுவோம்?" குடிநீர்க் கட்டணத்திலிருந்து என்று பதில் வந்தது. "அப்படியென்றால் கட்டணம் ஏறுமா?" என்றேன். மன்றமே அமைதியாகிவிட்டது. பிறகு பொறியாளர்தான் சொன்னார். குழாயும் தொட்டியும் போட மானியம் கிடைக்கும். மோட்டார் ஓடும் கரண்ட் பில்லுக்கு யாரும் மானியம் தர மாட்டார்கள். இப்போது வசூலாகும் கட்டணம் அதற்கே போதவில்லை. அவர் மறைக்காமல் சொன்னதற்கு நன்றியோடு இருக்கிறேன்.

நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் பகுதி சபை கூடியபோது அதையெல்லாம் அப்படியே மக்களிடம் சொன்னேன். கால் நடுங்கியது. எங்கள் வார்டில் மூத்த பாட்டி ஒருவர் எழுந்து, "லாரித் தண்ணிக்கு குடத்துக்கு பத்து ரூபா குடுக்கறோம். குழாயில வந்தா குடுக்க மாட்டமா? வராததுக்குக் கேட்டாத்தான் கோவம்" என்றார்.

உங்கள் ஊரில் இந்த முடிவை எப்படி எடுத்தார்கள்? தண்ணீர், சாக்கடை எதுவானாலும் சரி. நேரில் பார்த்ததை எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் குடிநீர்க் கட்டணமும் புது இணைப்புக்கான டெபாசிட்டும் வருகின்றன. தயாராகப் போக விரும்புகிறேன்.

நங்கநல்லூர்வாசி:

சகோதரி, ஆலந்தூர் கதையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நாங்கள் சென்னை மாநகராட்சி. 2011-க்கு முன் ஆலந்தூர் தனி நகராட்சி. 2001 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் பேர். இத்தனை பேருக்கும் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். மழை வந்தால் நிரம்பிவிடும், லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். நிலத்தடி நீரும் கெட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை அம்மா பாத்திரம் கழுவக்கூடத் தயங்கினாள்.

1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு ஆர்.எஸ்.பாரதி நகர்மன்றத் தலைவராக இருந்த காலத்தில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை எடுத்தார்கள். சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம். அந்த அளவு நகராட்சிக்கு அது மலை. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்திலிருந்து கடனும் மானியமும் ஏற்பாடானது. ஆனால் ஒரு பங்கை மக்களே முதலில் போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000. குழி தோண்டும் முன்பே.

அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் சாதாரணத் தொகை இல்லை. அப்பாவின் மாதச் சம்பளமே அதை ஒட்டித்தான். முதலில் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தார்கள்: சாக்கடை வேண்டுமா, வேண்டுமென்றால் பணம் தருவீர்களா என்று. மிகப் பெரும்பாலோர் சரி என்றார்கள். அப்புறம் குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்கள் தெருச் சங்கக் கூட்டம் ஒன்றுக்கு அப்பாவோடு போயிருந்தேன். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: பணம் வேறு செலவுக்குப் போய்விட்டால்? டெபாசிட் தனிக் கணக்கில் இருக்கும் என்று விளக்கினார்கள். மாதக் கட்டணம் வீட்டுக்கு 150 ரூபாய் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

அப்பா மூன்று நாள் யோசித்தார். லாரிக்கு ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பழைய டைரியைப் பார்த்துக் கூட்டினார். நான்காம் நாள் போய்க் கட்டிவிட்டு வந்தார். ரசீதை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். 2000-இல் வேலை தொடங்கியது. தெருவெல்லாம் பள்ளம், ஒரு மழைக்காலம் முழுக்கச் சேறு. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். அதைத் தனியார் கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கும் முறையில் செய்தார்கள். எங்கள் வீட்டு இணைப்பு வந்த அன்று செப்டிக் டேங்க்கில் மண் போட்டு மூடினோம். அந்த இடத்தில்தான் இப்போது அம்மாவின் செம்பருத்தி நிற்கிறது.

நான் கண்டதில் முக்கியம் இதுதான்: பணம் கேட்கும்போதே கணக்கையும் கட்டணத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். பாதி சொல்லியிருந்தால் எங்கள் தெரு நகர்ந்திருக்காது.

ஓய்வுபெற்ற நகராட்சிக் கணக்கர்:

அம்மா, நீங்கள் கேட்ட கேள்வியை முப்பது வருடச் சர்வீஸில் இரண்டு உறுப்பினர்கள்தான் என் முன்னால் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நகராட்சியில் பணம் ஒரே பெட்டியில் இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்று. மக்கள் கட்டும் சொத்து வரியிலேயே ஒரு பகுதி குடிநீர், வடிகாலுக்கான வரி. அது இரண்டாவது பெட்டிக்குப் போகும். அதோடு மாதக் கட்டணம், இணைப்பு டெபாசிட். செலவு என்றால் பம்பிங் கரண்ட், பணியாளர் சம்பளம், குழாய்ப் பழுது, குளோரின். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். அதற்கு மேல்தான் கடன் தவணை.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் பத்து வருடத்துக்கு மேல் கட்டணத்தை ஏற்றவே இல்லை. ஒவ்வொரு மன்றமும் "அடுத்த தேர்தல் முடியட்டும்" என்று ஒத்திவைத்தது. இரண்டாவது பெட்டி காலி. முதல் பெட்டியிலிருந்து எடுத்துக் கரண்ட் பில் கட்டினோம். அதுவும் முடியாமல் போனபோது மாநில அரசு எங்களுக்குத் தரும் பகிர்வு நிதியிலேயே பாக்கியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மாதம் சாலைக்கு வைத்திருந்த பணம் போனது. சாலை போடாததற்கு மக்கள் திட்டினார்கள். தண்ணீர்க் கட்டணம்தான் காரணம் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பேரேட்டை எழுதிய கைக்கு மட்டும் தெரியும். மனசு ரொம்பக் கஷ்டப்பட்ட மாதம் அது.

நல்லதும் பார்த்திருக்கிறேன். தனியாகப் போனால் எந்த முதலீட்டாளரும் சின்ன ஊருக்குப் பணம் தர மாட்டார். அதனால் தமிழ்நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட சிறு உள்ளாட்சிகளின் குடிநீர், வடிகால் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, 2003-வாக்கில் சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். நம் ஊரில் சீட்டுக் கட்டுவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் தவறினால் எல்லோருக்கும் சங்கடம். அதனால் ஒவ்வோர் ஊரும் மாதாமாதம் தனிக் கணக்கில் பணம் ஒதுக்கியாக வேண்டும். தவறினால் மாநிலப் பகிர்வு நிதியில் பிடித்தம். அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனமான யூஎஸ்எய்டு உத்தரவாதம் கொடுத்தது. அதற்கும் முன்பு, 1998-இல், அகமதாபாத் மாநகராட்சி மாநில அரசின் உத்தரவாதமே இல்லாமல் 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. முதலில் வரி வசூலை ஒழுங்குபடுத்திக் கணக்கைச் சரிசெய்துவிட்டுத்தான் அந்த ஊர் சந்தைக்குப் போனது. வரிசையைக் கவனியுங்கள் அம்மா.

கூட்டத்துக்குப் போகும் முன் குடிநீர் நிதியின் கடந்த மூன்று ஆண்டு வரவு செலவைக் கேட்டு வாங்குங்கள். உறுப்பினருக்குக் கேட்கும் உரிமை உண்டு. அதில் "வசூலாக வேண்டியது" என்று ஒரு பத்தி, "வசூலானது" என்று ஒரு பத்தி இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை முதலில் பாருங்கள். பாக்கிக்காரர் யார் என்பதும் அங்கேயே தெரியும். பெரும்பாலும் குடிசை வீடுகளாக இருக்காது.

புனேயில் வசிக்கும் திருநெல்வேலிக்காரர்:

இங்கே கடக்வாஸ்லா அணையிலிருந்து தண்ணீர். பக்கத்திலேயே அணை இருந்தும் ஒரு பேட்டைக்கு நிறைய, இன்னொரு பேட்டைக்குக் குறைய. 24 மணி நேரமும் சமமாகக் கொடுக்க ஒரு திட்டம் போட்டார்கள். புதுத் தொட்டிகள், புதுக் குழாய், வீட்டுக்கு மீட்டர். 2017 ஜூனில் அதற்காக மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்து ஆண்டுப் பத்திரம் வெளியிட்டது, வட்டி 7.59 சதவீதம். மும்பை பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. தண்ணீர் வரியை ஒரே தடவையில் ஏற்றாமல், முதல் சில ஆண்டுகள் கூடுதல் சதவீதத்திலும் பிறகு ஆண்டுக்கு 5 சதவீதம் வீதமும் 2047 வரை ஏற்றுவதற்கு மன்றம் ஒப்புதல் தந்தது. எங்கள் சொசைட்டியில் பெரிய வாக்குவாதம். முப்பது வருடத்துக்கு இப்போதே எப்படி முடிவு செய்யலாம் என்று ஒரு பக்கம். ஒவ்வொரு தேர்தலுக்கும் பயந்து நிறுத்துவதைவிட இது மேல் என்று இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். ஆனால் வரி முதல் வருடமே ஏறும், குழாய் பல வருடம் கழித்துத்தான் வரும் என்ற முதல் பக்கத்தாரின் கோபம் நியாயம்தான். எங்கள் பில் ஏறி நெடுநாள் ஆகியும் டேங்கர் வந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

வாடகை வீட்டுக்காரி:

எல்லோரும் டெபாசிட் நல்லது என்கிறீர்கள். அக்கா, ஒன்று கேட்கிறேன். டெபாசிட் கட்டுவது வீட்டு ஓனர், தண்ணீர் பிடிப்பது நாங்கள். எங்கள் காம்பவுண்டில் ஏழு குடித்தனம், ஒரு குழாய். இணைப்பு வாங்கியதும் ஓனர் வாடகையில் ஐநூறு ஏற்றிவிட்டார். மாதக் கட்டணத்தையும் எங்களிடமே தனியாக வாங்குகிறார், ரசீது காட்டுவதில்லை. இரண்டு தெரு தள்ளி, ஓடைக்கரையில் இருப்பவர்களுக்கு மொத்தமாகப் பணம் கட்ட வழியே இல்லை என்பதால் பொதுக்குழாயும் போய், புதுக்குழாயும் வராமல் நிற்கிறார்கள். மன்றத்தில் எங்கள் பெயரையும் சொல்லுங்கள்.

முதல் பதிவு எழுதிய வார்டு உறுப்பினர்:

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் நேற்று முடிந்தது.

கணக்கர் ஐயா சொன்னபடி மூன்று ஆண்டு வரவு செலவு வாங்கிப் போனேன். நீங்கள் சொன்னதுதான் ஐயா, பெரிய பாக்கி நான்கைந்து கட்டடங்களிடம். பெயர் சொல்லாமல் தொகையை மட்டும் படித்தேன். வசூல் செய்துவிட்டுத்தான் கட்டண உயர்வை வைக்க வேண்டும் என்று கட்சி பார்க்காமல் பலர் பேசினார்கள். கட்டணப் பொருளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். டெபாசிட்டைத் தனிக் கணக்கில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை இருப்பை வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று நான் கொடுத்த திருத்தம் ஏற்கப்பட்டது. ஆலந்தூர்ச் சகோதரரின் அப்பாவுக்கு அந்த நன்றி.

வாடகை வீட்டுத் தங்கைக்கு: டெபாசிட்டைப் பத்துத் தவணையாக வாங்கலாம் என்று தீர்மானத்தில் சேர்த்துவிட்டோம். புது இணைப்பு கொடுத்து முடிக்கும்வரை பொதுக்குழாயை எடுக்கக் கூடாது என்பதையும் எழுத வைத்தேன். ஓனர் ரசீது காட்டாத விஷயத்துக்கு மன்றத்தில் வழி கிடைக்கவில்லை. அதற்கு யாராவது உங்கள் ஊரில் ஏதாவது செய்திருந்தால் எழுதுங்கள். அடுத்த கூட்டம் இருபத்தெட்டாம் தேதி.