மலையேற்ற வழிகாட்டி வேலையிலிருந்து வீட்டுத் தரகுக்கு: முதல் வருஷத்துக்கு என்ன தயாரிப்பு?

கேள்வி

பத்து வருஷமாக மலையேற்றக் குழுக்களுக்கு வழிகாட்டி. முழங்கால் இனி தாங்காது என்பதால் வீடு வாங்க, விற்க உதவும் தொழிலுக்கு மாறுகிறேன். உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கையில் எவ்வளவு சேமிப்பு வேண்டும்? பழைய பழக்கங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? பழைய வாடிக்கையாளர் பட்டியல் உதவுமா?

பதில் 1

குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவு. ஒன்பது மாதத்துக்கு இருந்தால் நிம்மதி. முதல் ஆள் அமைய ஓரிரு மாதம், வீடு பிடிக்க இன்னும் அவ்வளவு. விலை படிந்த பிறகு கடன், பத்திர ஆய்வு, பதிவு. இத்தனையும் முடிந்தால்தான் கமிஷன். அதிலும் நீங்கள் சேரும் தரகு நிறுவனத்தின் பங்கும் வரியும் போனதுதான் உங்களுக்கு.

நிறுவனத்தில் சேரும் முன் பங்கு எத்தனை சதவீதம், மாதக் கட்டணம் உண்டா, போட்டோ, விளம்பரச் செலவு யாருடையது, நடுவில் விலகினால் பாதியில் நிற்கும் பேரத்தின் கமிஷன் யாருக்கு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை.

பேரம் முறிய ஒரு முக்கியக் காரணம் கடன் கிடைக்காமல் போவது. வீடு காட்டும் முன்பே, எவ்வளவு கடன் தருவோம் என்று வங்கி கொடுக்கும் கடிதத்தைப் பாருங்கள்.

பதில் 2

பாதையை முன்கூட்டியே நடந்து பார்க்கும் பழக்கம் இங்கே பொன். வாங்குபவரைக் கூட்டிப்போகும் முன் தனியாக ஒருமுறை போங்கள். சமையலறைக் குழாயையும் குளியலறை ஷவரையும் ஒன்றாகத் திறந்துவிடுங்கள். ஒன்றில் தண்ணீர் மிகவும் மெலிந்தால் அழுத்தம் போதாமல் இருக்கலாம். சிங்குக்குக் கீழே அலமாரிப் பலகை உப்பியிருக்கிறதா என்று கையால் தடவுங்கள். கூரையில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

விட வேண்டியது, இடைவிடாமல் விளக்கும் பழக்கம். கதவைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் ஒதுங்கி நில்லுங்கள். வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்தான் அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது தெரியும். ஒரு நாளில் நான்கு வீட்டுக்கு மேல் காட்டினால் எல்லாம் குழம்பிவிடும்.

பதில் 3

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. பார்த்ததைச் சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். "கூரையில் ஈரக்கறை இருக்கிறது, பொறியாளரைக் காட்டுங்கள்" என்றால் சரி. "சின்னக் கசிவுதான்" என்றால் நாளைக்கு அந்தக் கசிவுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

விற்பவரிடம் விலை சொல்லும்போது, விளம்பரங்களில் கேட்கும் விலைகளை விட்டு, கடந்த ஆறு மாதத்தில் அதே பகுதியில் உண்மையில் விற்ற மூன்று முதல் ஐந்து வீடுகளை எடுங்கள். பரப்பு, வயது, மாடி வித்தியாசத்துக்கு ஏற்பக் கூட்டிக் கழியுங்கள். அந்த வீட்டை விற்கும் வேலை உங்களுக்குக் கிடைக்க வேண்டுமென்று விலையை ஏற்றிச் சொல்வது பெரிய தவறு. விளம்பரம் வந்த முதல் இரண்டு, மூன்று வாரம்தான் கூட்டம் வரும். அதன்பின் விலையைக் குறைத்தால் வீட்டில் ஏதோ குறை என்றே நினைப்பார்கள்.

முன்பணம் எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் சொந்தக் கணக்கில் விழக்கூடாது. ஒரே வீட்டில் இரு தரப்புக்கும் நீங்களே தரகர் என்றால், அது சட்டப்படி செல்லுமா என்று முதலில் பாருங்கள். செல்லும் இடத்திலும் இருவரிடமும் எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள்.

பதில் 1 (மீண்டும்)

பட்டியல் விஷயம் விட்டுப்போனது. அது பயண நிறுவனத்துடையது என்றால் தொடவே வேண்டாம். உங்களுடையதாக இருந்தாலும், மலையேற வந்தவர்கள் பெரும்பாலும் தொலைவில் வசிப்பவர்கள். உங்கள் உரிமம் அங்கே செல்லாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களை அந்த ஊர்த் தரகரிடம் அனுப்பிப் பரிந்துரைப் பங்கு கேட்கலாம். அந்தப் பணமும் உங்கள் நிறுவனம் வழியாகவே வரட்டும். உங்கள் பகுதியிலேயே இருக்கும் விடுதிக்காரர்கள், ஓட்டுநர்கள், கடைக்காரர்களிடமிருந்து தொடங்குங்கள். யார் வீட்டை விற்கப்போகிறார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.