எங்கள் அபார்ட்மென்டில் ஓட்டர் லிஸ்ட் வேலை: 43 ஜெராக்ஸ் சேர்த்துவிட்டேன், இனி என்ன?

மூணாவது_மாடி:

எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் 112 வீடுகள் உள்ள ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறோம். 2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) படிவத்தை எடுத்துக்கொண்டு பி.எல்.ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வந்தபோது எங்கள் பிளாக்கில் பாதி வீடு பூட்டித்தான் கிடந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் காலை பதினொரு மணிக்கு யார் இருப்பார்கள்? டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்த பிறகுதான் யார் யார் பெயர் இல்லை என்று ஒவ்வொருவராக வாட்ஸ்அப் குரூப்பில் அலற ஆரம்பித்தார்கள். என் மாமியார் பெயரும் இல்லை. இருபது வருஷமாக ஒரே ஸ்கூலில் ஓட்டுப் போட்டவர். "நான் இங்கே உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டுதானேம்மா இருக்கேன், என்னை எங்கே போயிட்டான்னு எழுதினாங்க?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்துத் திரும்பச் சேர்த்தோம், அது வேறு கதை.

அதிலிருந்து ஒரு வேகம். மாநகராட்சித் தேர்தல் கடைசியாக 2022 பிப்ரவரியில் நடந்தது, ஐந்து வருஷம் ஓடப்போகிறது, அதற்குள் எங்கள் வீடுகளில் விட்டுப்போனவர்களையும் புதிதாகக் குடிவந்தவர்களையும் சேர்த்துவிடலாம் என்று நானும் எதிர் பிளாக் அக்காவும் கிளம்பினோம். இரண்டு ஞாயிறு வீடு வீடாக ஏறி இறங்கி 43 பேரிடம் ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும் வாங்கி ஒரு மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நானே பூர்த்தி செய்து மண்டல அலுவலகத்தில் ஒரே கட்டாகக் கொடுத்துவிடலாமா? எங்கள் செக்ரட்டரி வேறு "இது அரசியல், அசோசியேஷன் பெயர் வரக்கூடாது" என்கிறார். அப்புறம் எங்கள் வாட்ச்மேன் ஜார்க்கண்ட்காரர், ஆறு வருஷமாக இங்கேயே குடும்பத்தோடு இருக்கிறார், அவரைச் சேர்க்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரிடையர்டு_வாத்தியார்:

அம்மா, நல்ல காரியம். ஆனால் முதல் வேலையாக அந்த மஞ்சள் பையை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் பள்ளியில் இருந்த காலத்தில் பல வருஷம் பி.எல்.ஓ வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன். ஒருவர் கட்டுக் கட்டாகக் கொண்டுவரும் படிவங்களை வாங்கக்கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. நீங்கள் எவ்வளவு நல்ல மனசோடு போனாலும் கவுன்டரில் வாங்கமாட்டார்கள். ஒரே வீட்டு ஆட்களின் படிவங்களை அந்த வீட்டில் ஒருவர் சேர்த்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் பூத் முகவர்கள் கூட சாதாரண நாட்களில் ஒரு நாளைக்கு 10 படிவம்தான் தரலாம், எஸ்.ஐ.ஆர் சமயத்தில் அதை 50 ஆக்கினார்கள். உங்களுக்கு அந்தக் கணக்கும் கிடையாது.

அதைவிட முக்கியம் கையெழுத்து. படிவத்தின் கடைசியில் இருக்கும் உறுதிமொழியில் பொய் இருந்தால் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார். நீங்கள் பூர்த்தி செய்து, அவர் படிக்காமல் போட்டு, வேறு ஊரிலும் அவருக்கு ஓட்டு இருந்து தொலைத்தால் யாருக்கு வம்பு? எழுத உதவுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் படித்துப் பார்த்து அவரே கையெழுத்துப் போட்டு அவரே கொடுக்கட்டும்.

உங்கள் பூத்துக்கு பி.எல்.ஓ யார் என்று ஆணையத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம், 1950 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்தாலும் சொல்வார்கள். அவரிடம் போய் "இந்த வாரம் எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு பேர் போடப்போகிறார்கள், விசாரணைக்கு சாயங்காலம் ஆறரைக்கு மேல் வரமுடியுமா, நாங்கள் கூட வந்து வீட்டைக் காட்டுகிறோம்" என்று கேளுங்கள். இந்த ஒரு உதவியைச் செய்தாலே போதும். அந்த வேலையில் எனக்குக் கால் வலித்தது ஏறி இறங்கியதால் இல்லை, பூட்டிய வீட்டுக்கு மறுபடி மறுபடி ஏறியதால்தான்.

வாட்ச்மேன் விஷயம்: சேர்க்கலாம். எங்கே வழக்கமாக வசிக்கிறாரோ அங்கே ஓட்டு. ஊரில் ஏற்கனவே பெயர் இருந்தால் படிவம் 6 போடக்கூடாது, 8 போட்டு இங்கே மாற்ற வேண்டும், வேறு மாநிலமானாலும் அதே 8தான். ஊர் ஓட்டு போய்விடும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

தாமிரபரணி_டு_கிண்டி:

சார் சொன்ன அந்த 6, 8 குழப்பத்தில்தான் நானும் மாட்டினேன். எங்கள் மேன்ஷனில் நாலு பேர் சேர்ந்து இதே மாதிரி ஆரம்பித்தோம். அங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு திருநெல்வேலி, தேனி, ராமநாதபுரம் என்று ஊரில் ஓட்டு இருக்கிறது. "இங்கே புதுசா போட்டுக்கோ" என்று நாங்கள் பாட்டுக்கு படிவம் 6 போட வைத்தோம், இரண்டு இடத்தில் பெயர் வந்து நின்றது. ஒரு ஆள் ஒரு இடத்தில்தான் இருக்கலாம், அது தெரிந்தும் அவசரத்தில் கேட்கவே இல்லை. இப்போது நான் கேட்கிற முதல் கேள்வி "ஊரில் ஓட்டு இருக்கா?" என்பதுதான்.

இன்னொன்று, எல்லோரையும் மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சிலருக்கு ஓட்டுப் போட ஊருக்குப் போவது கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிற மாதிரி. கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் முந்தின ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற கூட்டம் அது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் 70 சதவீதத்தைத் தாண்டியபோது சென்னை மாவட்டம் 60ஐக் கூடத் தொடவில்லை, அதை வைத்து "சென்னைக்காரனுக்கு அக்கறை இல்லை" என்று எல்லோரும் திட்டினார்கள். செத்தவர் பெயரும் வீடு மாறியவர் பெயரும் பழைய லிஸ்டில் எவ்வளவு கிடந்தது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆன்லைனில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெயரை இங்கிலீஷில் அடித்தால் பக்கத்தில் தமிழ் தானாக வந்து விழும். அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். எங்கள் மேன்ஷன் மெஸ் அக்கா எழிலரசி, எஜிலரசி ஆகிவிட்டார். அதைத் திருத்த இன்னொரு படிவம் 8. "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு நம்ம ஆட்கள் இனிஷியலை எங்கே போடுவது என்று முழிப்பார்கள், அது இருந்தால் போடலாம் என்கிற கட்டம்தான்.

ஒக்கியம்_மேடு:

அபார்ட்மென்ட் கதை எல்லாம் சரி. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். நான் இருப்பது கண்ணகி நகர், வேலை பார்ப்பது பெரும்பாக்கம் எட்டு மாடி பிளாக்குகளில். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு ஓரத்திலிருந்து வீட்டை இடித்துக் கொண்டுவந்து விட்டார்களே, அதில் பலருக்கு வருஷக்கணக்காக ஓட்டு சைதாப்பேட்டை பக்கம்தான் இருந்தது. தேர்தல் அன்று ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, இல்லாத வீட்டு முகவரிக்கு ஓட்டுப் போடப் போவார்கள். எஸ்.ஐ.ஆரில் அந்த முகவரிக்கு ஆள் போனால் அங்கே வீடே இல்லை, பெயர் அடிபட்டது. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

நாங்கள் ஆறு பெண்கள், ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பது வரை லிப்ட் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காருவோம். முதலில் போனில்தான் செய்து பார்த்தோம். ஒரு பாட்டி வந்தார், எழுபது வயசு இருக்கும். ஓ.டி.பி அனுப்பினோம், வரவே இல்லை. ஆதாரில் இருக்கிற நம்பர் மகனுடையதாம், அவன் திருப்பூரில். போன் செய்தால் நைட் ஷிப்டில் இருக்கிறான், எடுக்கவில்லை. பாட்டி முக்கால் மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு "நாளைக்கு வரேம்மா" என்று போனவர், லிப்ட் வேலை செய்யாததால் ஆறு மாடி ஏறிப் போனார். மறுநாளிலிருந்து காகிதப் படிவம்தான். பழைய ஓட்டர் ஐடி கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறவர்களையும் விடாதீர்கள். கார்டு இருந்து லிஸ்டில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. லிஸ்டில் பெயர் இருந்து கார்டு தொலைந்திருந்தால் ஆதாரையோ வேறு அடையாள அட்டையையோ காட்டிப் போட்டுவிடலாம். இதைச் சொல்லிச் சொல்லியே எங்களுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஒரு சின்ன விஷயம், இந்தப் பக்கம் யாராவது உதவ வந்தால்: சோழிங்கநல்லூர் தொகுதி தேர்தல் கணக்கில் செங்கல்பட்டு மாவட்டம். சென்னை மாவட்டம் என்றால் 16 தொகுதிதான், வேளச்சேரியோடு முடிந்தது. எங்கள் கண்ணகி நகருக்கு மாநகராட்சி வார்டு சென்னையில், ஓட்டு செங்கல்பட்டில். இது தெரியாமல் இணையதளத்தில் சென்னை என்று தேடித் தேடி "உங்க பேரே இல்ல" என்று ஒரு ஆளை அழவைத்த பாவம் எனக்கு உண்டு.

சும்மா_பார்க்கிறேன்:

இதெல்லாம் எதுக்கு? எலெக்ஷன் வந்தால் கட்சிக்காரனே வீட்டுக்கு வந்து சேர்த்துவிட்டுப் போறான்.

ஒக்கியம்_மேடு:

வருவான். எந்த வீடு யாருக்குப் போடும் என்று கணக்குப் பார்த்து வருவான். எங்கள் பிளாக்கில் நாலாவது மாடிக்கு மட்டும் வந்துவிட்டுப் போனார்கள்.

மூணாவது_மாடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி 31 வீட்டில் ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாமா "அப்போ என் வேலை முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கேட்டுப் பார்த்ததில் 43 பேரில் பதினாறு பேருக்கு வேறு இடத்தில் ஓட்டு இருக்கிறது. நல்ல வேளை, கொடுக்கவில்லை.

வாட்ச்மேன் மனைவியோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். செக்ரட்டரி ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி ஹாலைத் தர ஒத்துக்கொண்டார், கட்சி நிறத்தில் யாரும் சட்டை போட்டு வரக்கூடாதாம். இரண்டு சந்தேகம். பன்னிரண்டாவது படிக்கிற பையன்கள் மூன்று பேர், 17 முடிந்துவிட்டது, இப்போதே போடலாமா? இரண்டாவது, காலி செய்துவிட்டுப் போன வாடகைக்காரர்கள் பெயரை நாங்களே எடுக்கச் சொல்லலாமா?

ரிடையர்டு_வாத்தியார்:

பையன்கள் போடலாம். முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள், டிசம்பரில் தேர்தல் வந்தால் பிப்ரவரியில் பிறந்தவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். 2022லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள். 17 முடிந்ததும் முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம், 18 ஆனதை ஒட்டி வருகிற தகுதி நாளுக்குப் பரிசீலிப்பார்கள். வயதுச் சான்றுக்குப் பத்தாவது மார்க் ஷீட் போதும்.

காலி செய்தவர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அது படிவம் 7. தொகுதியில் ஓட்டு உள்ள யாரும் போடலாம்தான், ஆனால் அதிலும் அதே உறுதிமொழி, அதே 31ஆம் பிரிவு. "போயிட்டாங்கன்னு நினைச்சேன்" என்பது பதில் ஆகாது. அவர்கள் நம்பர் உங்கள் குரூப்பில் இருக்குமே, கூப்பிட்டு "புது வீட்டுக்கு 8 போட்டுக்கோங்க" என்று சொன்னால் பழைய இடத்தில் தானாகப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கறுப்பு மை பேனா பத்து வாங்கி வையுங்கள். யாரும் பேனா கொண்டுவரமாட்டார்கள், கொண்டுவந்தால் ஜெல் பேனாதான் கொண்டுவருவார்கள். அப்புறம் உங்கள் மாமியார் பெயர் இப்போது இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள்.

மூணாவது_மாடி:

பார்த்தேன் சார், இருக்கிறது. வயசுதான் ரெண்டு குறைத்துப் போட்டிருக்கிறார்கள். திருத்தவேண்டாம் என்கிறார்.