ராங்னிக்கின் பிரஸ்ஸிங் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஏன் எடுபடவில்லை?

செந்தில்_7
2021 டிசம்பர் 5 அன்று ஓல்ட் டிராஃபோர்டில், யுனைடெட்டின் இடைக்காலக் கோச்சாக வந்த ராங்னிக்கின் முதல் மேட்ச், எதிரணி கிரிஸ்டல் பேலஸ். முடிந்தால் அதன் முதல் அரை மணி நேரத்தைத் திரும்பப் பாருங்கள். 4-2-2-2 அமைப்பு, அதாவது பின்களத்தில் 4, நடுக்களத்தில் 2, அவர்களுக்கு முன்னால் 2, மேலே 2. மேலே ரொனால்டோ, ராஷ்ஃபோர்டு. அவர்களுக்குப் பின்னால் சான்சோ, புரூனோ. பந்து போன மறுநொடியே அதைப் பறிக்க நாலு பேரும் பாய்ந்தார்கள், பிரஸ்ஸிங் என்றால் அதுதான். ஃபிரெட் அடித்த கோலில் 1-0 வெற்றி. அதே அணி சீசன் முடிவில் 58 புள்ளிகளோடு ஆறாவது இடம். அடித்தது 57 கோல், வாங்கியதும் 57. இதற்கு ராங்னிக்கைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய முறை என்னவென்று தெரிந்துதானே கூப்பிட்டார்கள்? ஓட மனமில்லாத வீரர்களை வைத்துக்கொண்டு யார் வந்தாலும் இதுதான் கதி.

நடுக்களம்
செந்தில், மனமில்லை என்று சொன்னால் ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. பிரஸ்ஸிங் என்பது முன்னால் நாலு பேர் ஓடுவது மட்டுமில்லை. அவர்கள் மேலே ஏறும்போது பின்கள வரிசையும் கூடவே ஏற வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தைக் கோல்கீப்பர் வெளியே வந்து காக்க வேண்டும். கோல்கீப்பர் டி கியா தன் கோல் கோட்டைத் தாண்டி வெளியே வர மாட்டார். முதுகுக்குப் பின்னால் பந்து விழுந்தால் திரும்பி ஓடிப் பிடிக்கிற வேகம் பின்கள வீரர் மேக்வயருக்கு இல்லை. அதனால் பின்கள வரிசை கீழேயே நின்றது, முன்களம் மேலே போனது. நடுவில் விழுந்த பெரிய இடைவெளி முழுவதும் இரண்டே நடுக்கள வீரர்கள் தலையில்.

ஜனவரி 3, வுல்வ்ஸ் மேட்ச். அந்த இரண்டு பேர் மாட்டிச், மெக்டாமினே. மாட்டிச்சுக்கு அப்போது 33 வயது. வுல்வ்ஸின் நெவெஸும் மூட்டினோவும் பந்தை நிதானமாக வாங்கித் திரும்பினார்கள், முன்னால் இருந்து உள்ளே நகர்ந்து வந்தவர்களைப் பிடிக்க ஆள் இல்லை. 82ஆவது நிமிடத்தில் மூட்டினோவே கோல் அடித்தார். இதில் யாருக்கு மனம் இல்லை என்கிறீர்கள்?

மீனா_ரெட்
சுற்றி வளைப்பானேன்? ரொனால்டோ. 36 வயதில் அவரை முன்னால் நிறுத்தி ராங்னிக் பாணி பிரஸ்ஸிங் ஆட முடியாது. முதலில் துரத்த வேண்டிய ஆளே துரத்தாவிட்டால் பின்னால் இருப்பவர்கள் ஓடி என்ன பயன்?

நடுக்களம்
மீனா, அவர் இல்லாத மேட்ச்களையும் பாருங்கள். மார்ச் 6, மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1. ரொனால்டோ ஆடவில்லை; புரூனோவும் போக்பாவும்தான் முன்னால். ஏப்ரல் 19, ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 4-0. அதிலும் அவர் இல்லை. ஆனால் டாட்டனத்தை 3-2, நார்விச்சை 3-2 என்று ஜெயித்தது அவருடைய ஹாட்ரிக்கில். லீகில் மட்டும் 18 கோல் அடித்தார். அவரை எடுத்தால் பிரஸ்ஸிங் சரியாகவில்லை, கோல்தான் குறைந்தது.

ஆன்ஃபீல்ட்_அருள்
எங்கள் லிவர்பூல் கிளப்பையும் பாருங்கள். 2015 அக்டோபரில் குளோப் கோச்சாக வந்ததும் சீசன் நடுவில்தான், முந்தைய கோச் ரோஜர்ஸ் சேர்த்த அணிதான் கையில். நவம்பரில் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 4-1 என்று அடித்தோம். கோச் நம்பிக்கை கொடுத்தால் வீரர்கள் ஓடுவார்கள்.

செந்தில்_7
அருள் அண்ணா, ஃபிர்மினோ, லல்லானா, மில்னர் எல்லாம் ஓடியே பேர் வாங்கியவர்கள். அப்படியும் அந்தச் சீசனில் லிவர்பூல் எட்டாவது இடம், ஜனவரியில் தொடைத்தசைக் காயம் வரிசை கட்டியது. பென்டேக்கே அடுத்த கோடையிலேயே விற்கப்பட்டார். பொருந்தாதவரை மாற்ற குளோப்புக்கு நேரம் இருந்தது. ராங்னிக்குக்குக் கொடுத்ததே ஆறு மாதம். அதிலும் டிசம்பரில் கோவிட் வந்து பயிற்சி மைதானத்தை மூடினார்கள், இரண்டு மேட்ச் தள்ளிப்போனது.

நடுக்களம்
நேரம் இல்லை என்பது உண்மை. நேரம் இல்லாதவர் ஏன் அதிக நேரம் கேட்கும் முறையைப் பிடித்துக்கொண்டார் என்பதுதான் என் கேள்வி. வுல்வ்ஸிடம் தோற்றபின் 4-3-3, 4-2-3-1 என்று அமைப்பை மாற்றினார், சரி. பிரஸ்ஸிங் எங்கே தொடங்க வேண்டும் என்பதை மாற்றினாரா? மைதானத்தின் நடுக்கோட்டருகே தொடங்கியிருந்தால் ரொனால்டோ ஓட வேண்டியதே இல்லை. எதிரணி நடுக்கள வீரருக்குப் பந்து போகும் வழியை மறைத்து நின்றால் போதும். பந்து தானாக ஓரத்துக்குப் போகும், அங்கே மடக்கலாம். டி கியாவும் மேக்வயரும் பழகிய இடத்திலேயே நிற்கலாம்.

ராங்னிக்குக்கு அடுத்து கோச்சாக வந்த டென் ஹாக் செய்தது இதற்குப் பக்கத்தில் வரும். 2022 ஆகஸ்டில் பிரென்ட்ஃபோர்டிடம் 4-0 என்று உதை வாங்கினார். அடுத்த மேட்சிலேயே லிவர்பூலுக்கு எதிராக டி கியா குட்டை பாஸை விட்டுவிட்டு நீளமாக உதைத்தார், ராஷ்ஃபோர்டின் வேகத்தை நம்பி ஆடி 2-1 ஜெயித்தார்கள். தன் கொள்கையை ஓரமாக வைத்துவிட்டு, கையில் இருக்கும் ஆட்களைப் பார்த்து எடுத்த முடிவு அது.

செந்தில்_7
அந்த மேட்சில் மேக்வயரும் ரொனால்டோவும் பெஞ்சில். ஆடிய லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ், மலாசியா, எரிக்சன் மூவரும் அந்தக் கோடையில் வந்தவர்கள். ராங்னிக்குக்கு ஜனவரியில் ஒருவரைக்கூட வாங்கித் தரவில்லை. இருந்த மார்சியாலையும் வான் டி பேக்கையும் கடனாக அனுப்பினார்கள்.

நடுக்களம்
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது ஆள் யாரும் வரப்போவதில்லை என்று ஜனவரி 31 அன்றே தெரிந்துவிட்டது. சிட்டி மேட்ச் மார்ச் 6. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. பிரஸ்ஸிங் தொடங்கும் இடத்தை இருபது மீட்டர் கீழே இறக்க அது போதாதா?