காரில் ஏசி போட முடியவில்லை: வாயு நாற்றம், அவசர உதவி தேவை

கெடிலக்கரையான் (திங்கள், இரவு 9:52)
வணக்கம். கேட்கவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் வேறு வழியில்லை. மூன்று வாரமாக வாயு பிரிந்தால் நாற்றம் தாங்கவில்லை, அழுகிய முட்டை மாதிரி. மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாலு பேர் ஒரே காரில் வேலைக்குப் போகிறோம். ரெட்டிச்சாவடி வருவதற்குள் யாராவது ஒருவர் கண்ணாடியை இறக்கிவிடுகிறார். ஒருத்தரும் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை, அதுதான் கொடுமை. ஓமவாட்டர் குடித்தேன், ஈனோ குடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு நார்மல்தான். நோய் நொடி கிடையாது. நாளைக் காலை 7:40க்கு கார். சீக்கிரம் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டைவாசி (9:58)
வயது என்ன? நார்மல் என்றால் எது நார்மல்? எங்கள் வீட்டில் வாரம் நாலு நாள் கருவாடு, அதுவும் எங்களுக்கு நார்மல்தான். தினமும் ஒழுங்காக வெளிக்குப் போகிறீர்களா? ஏதாவது மாத்திரை ஓடுகிறதா?

பண்ருட்டிக்காரன் (10:03)
இதில் என்ன சந்தேகம், பலாக்கொட்டை. எங்கள் பக்கம் ஆனி மாதம் வந்தால் சாம்பாரில் கொட்டை, கத்தரிக்காயோடு கொட்டை, கருவாட்டோடு கொட்டை. வீட்டில் ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் உட்கார மாட்டார்கள். நிறுத்திப் பாருங்கள்.

கெடிலக்கரையான் (10:06)
பலாக்கொட்டை சாப்பிட்டு ஒரு வருஷம் இருக்கும் சார். வயது 34.

பழைய கை (10:15)
இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கடைசி முறையாக எழுதுகிறேன். குடலில் உண்டாகும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன். இவை எதற்கும் வாசனையே கிடையாது. நாற்றம் வருவது மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால், முக்கியமாக ஹைட்ரஜன் சல்பைடால். ஆக, காற்று அதிகம் என்பது ஒரு பிரச்சினை, நாற்றம் அதிகம் என்பது வேறு பிரச்சினை. ஈனோ என்பது சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும். அது இரைப்பைப் புளிப்புக்கு. அதைக் குடித்துவிட்டுப் பெருங்குடல் நாற்றம் போகவில்லை என்றால், தலைவலிக்குக் காலில் தைலம் தடவின கதைதான். உங்களுக்குப் பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்துங்கள்.

லாஸ்பேட்டைவாசி (10:19)
எல்லாம் சரி. கந்தகம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் பருப்பில் கொண்டுபோய் முடித்துவிட்டீர்களே. பருப்பு காற்றைக் கூட்டும், நாற்றத்துக்கு முட்டை, கறி, முட்டைகோஸ், காலிஃபிளவர் இல்லையா? நான் கேட்டதற்குக் கெடிலக்கரையானும் பாதிக்குத்தான் பதில் சொன்னார்.

பழைய கை (10:21)
படித்துவிட்டு வந்து பேசவும்.

வில்லியனூர் அக்கா (10:24)
தம்பி, யார் சொல்வதையும் கேட்டுப் பருப்பை நிறுத்தாதே. கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா எதுவானாலும் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவை. வாயு பண்ணும் சர்க்கரையில் கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். கொதிக்கும்போது பெருங்காயமும் சீரகமும். ராத்திரி படுக்கப் போகும்போது பூண்டுப் பால் ஒரு டம்ளர் குடி. எங்கள் மாமியார் கைவைத்தியம், ஒரு வாரத்தில் வயிறு சுத்தமாகிவிடும்.

கெடிலக்கரையான் (10:27)
அதைத்தான் அக்கா வீட்டில் பத்து நாளாகத் தருகிறாள். பத்துப் பல் போட்டு.

மருந்துக்கடைத் தம்பி (10:31)
அண்ணா, பத்துப் பல்லா? பூண்டிலேயே கந்தகம் இருக்கிறது. சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தும் இருக்கிறது, அது பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். அதோடு ஒரு டம்ளர் பால். வளர்ந்தபின் பால் சர்க்கரை செரிக்காதவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். மருந்து என்று நினைத்து நெருப்புக்கு விறகு வைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு கேள்வி: மூன்று வாரத்துக்கு முன்னால் புதிதாக என்ன தொடங்கினீர்கள்? மாத்திரை, டயட், ஏதாவது?

வில்லியனூர் அக்கா (10:36)
பூண்டுப் பாலைக் குறை சொல்ல இன்றைக்குத்தான் ஒரு ஆள் வந்திருக்கிறார். பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுக்கிறோம்?

மருந்துக்கடைத் தம்பி (10:39)
பிள்ளை பெற்றவர்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அக்கா. ஒத்துக்கொள்பவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகம், அவ்வளவுதான்.

தேவனாம்பட்டினம் சுடர் (10:41)
எல்லாம் தண்ணீர் செய்யும் வேலை. போர்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடித்தால் இப்படித்தான். அடுப்புக்கரியைப் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிடுங்கள், நாற்றத்தை இழுத்துக்கொள்ளும்.

மருந்துக்கடைத் தம்பி (10:46)
அடுப்புக்கரி வேண்டவே வேண்டாம். மருந்தாக வருவது வேறு விதமாகப் பதப்படுத்திய கரி. அதுவும் மற்ற மாத்திரைகளைச் சேர்த்து உறிஞ்சி வேலை செய்யவிடாமல் பண்ணிவிடும். தண்ணீர் பற்றிச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஜியார்டியா என்ற கிருமி அசுத்தமான தண்ணீரில் வரும், முட்டை நாற்ற ஏப்பம், எண்ணெய்ப் பசையோடு பேதி, வயிறு உப்பல் எல்லாம் இருக்கும். அப்படி இருந்தால் மலப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் மாத்திரையைத்தான் போட வேண்டும். ஒரு தடவை பார்த்ததில் தெரியாமலும் போகலாம். பேதி இருக்கிறதா அண்ணா?

கெடிலக்கரையான் (10:52)
பேதி இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் போகிறது. புதிதாக ஒன்றும் இல்லை, ஜிம்மில் மட்டும் சேர்ந்தேன்.

லாஸ்பேட்டைவாசி (10:53)
ஆகா. ஜிம்மில் என்ன சாப்பிடச் சொன்னார்கள்?

கெடிலக்கரையான் (10:57)
வே புரோட்டீன் பவுடர் காலையில் ஒரு ஸ்கூப், சாயந்திரம் ஒரு ஸ்கூப், பாலில் கலந்து. முட்டை ஆறு. அது சாப்பாட்டில் சேராதே, அதனால் சொல்லவில்லை.

பண்ருட்டிக்காரன் (10:58)
இதற்குப் பலாக்கொட்டை எவ்வளவோ தேவலாம்.

மருந்துக்கடைத் தம்பி (11:06)
விஷயம் வெளியே வந்துவிட்டது. முட்டையிலும் வே பவுடரிலும் கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் அதிகம். செரித்தது போக மிச்சம் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியா அதிலிருந்துதான் ஹைட்ரஜன் சல்பைடு தயாரிக்கும். வே என்பதே பாலிலிருந்து எடுக்கும் புரதம், அதனால் சாதாரண வே பவுடரில் பால் சர்க்கரையும் கொஞ்சம் உண்டு, நீங்கள் அதைப் பாலிலேயே கலக்கிறீர்கள். இரண்டு நாள் வெளிக்குப் போகாமல் உள்ளேயே தங்கினால் நாற்றம் இன்னும் கூடும். டப்பாவில் 'ஐசொலேட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அதில் பால் சர்க்கரை குறைவு.
நாளைக்கு: பவுடர், பால், பூண்டு மூன்றும் வேண்டாம். காலையில் இட்லி. ஆறு மணிக்கு எழுந்து வெந்நீர் குடித்து அரை மணி நேரம் நடந்துவிட்டு, கழிப்பறைக்கு அவசரப்படாமல் போய்விட்டு வாருங்கள். ஒரே ராத்திரியில் முழுதாகச் சரியாகாது. நாலைந்து நாள் கொடுங்கள்.

முதுநகர் 1961 (11:10)
வாயு என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் சித்தப்பா நெஞ்சை அடைத்ததும் வாயு என்று நினைத்து கோலி சோடாவும் ஓமமும் குடித்து இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டார். அது மாரடைப்பு. பிழைத்தார், ஆனாலும் பாதி மனுஷன்தான். நெஞ்சு அழுத்தி, வேர்த்து, கை வலித்தால் அதை வாயு என்று யாரும் உட்கார்ந்திருக்காதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதெல்லாமும் கைவைத்தியத்துக்கு உரியவை இல்லை.

கெடிலக்கரையான் (11:12)
அப்படி எதுவும் இல்லை. நன்றி. காரில் நாற்றம் தெரியாமல் இருக்கட்டும் என்று சர்க்கரை இல்லாத புதினா சூயிங்கம் மென்றுகொண்டே போவேன். அதைத் தொடரலாமா?

லாஸ்பேட்டைவாசி (11:14)
சர்க்கரை இல்லாத கம்மில் பெரும்பாலும் இனிப்புக்காகச் சார்பிட்டால் என்ற பொருளைச் சேர்த்திருப்பார்கள். குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, வாயுதான். மெல்லும்போது காற்றையும் விழுங்குகிறீர்கள். அதோடு, காரணம் வாயிலிருந்து வரவில்லை ஐயா.

வில்லியனூர் அக்கா (11:20)
சரி, பூண்டை விடு. மோரில் பெருங்காயம் கரைத்துக் குடி. மோரில் பால் சர்க்கரை பாலைவிடக் குறைவுதான். ஆனால் பொடிப் பெருங்காயம் போடாதே, கட்டிதான்.

பழைய கை (11:24)
கட்டியாக விற்பதிலும் பெரும்பாலானது கூட்டுப் பெருங்காயம்தான். மாவும் பிசினும் கலந்தது.

வில்லியனூர் அக்கா (11:26)
நான் சொல்வது பால் பெருங்காயம். ஒரு மிளகளவு போட்டால் தெருவே மணக்கும்.

தேவனாம்பட்டினம் சுடர் (11:28)
நாற்றம் போக நாற்றமா? பெருங்காயத்தின் மணமும் கந்தகம்தானே.

பழைய கை (11:33)
ஆம். அந்தச் செடி நம் மண்ணுக்குரியதே இல்லை. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து பிசினாக வருகிறது. இமாச்சலத்தின் லாஹோல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் சோதனையாக நட்டார்கள். அது இல்லாமல் நம் ஊர் சாம்பார் இல்லை என்பது வேறு விஷயம்.

வில்லியனூர் அக்கா (11:35)
எங்கிருந்து வந்தால் என்ன, நூறு தலைமுறையாக நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது.

பழைய கை (11:36)
நூறு தலைமுறைக்கு ஆதாரம்?

பண்ருட்டிக்காரன் (11:37)
கேட்டவர் தூங்கப் போயிருப்பார். நீங்களும் போங்கள்.

லாஸ்பேட்டைவாசி (புதன், காலை 8:20)
கெடிலக்கரையான், என்ன ஆயிற்று? கண்ணாடி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா?

கெடிலக்கரையான் (ஞாயிறு, மாலை 6:11)
மன்னிக்கவும், பதில் போட நேரமில்லை. பாலையும் கம்மையும் விட்டேன். பவுடர் தண்ணீரில் ஒரு ஸ்கூப், முட்டை இரண்டு. கொய்யாப்பழமும் கீரையும் சேர்த்ததில் தினமும் போகிறது. வெள்ளிக்கிழமை அரியாங்குப்பம் வரை ஏசி ஓடியது. பூண்டுப் பாலை எப்படி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதைக்கு வாஷ்பேசினில் ஊற்றுகிறேன்.

வில்லியனூர் அக்கா (6:40)
பாலைக் கொட்டாதே தம்பி. சொல்லிவிடு.

முதுநகர் 1961 (7:02)
பால் பெருங்காயம் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கிடைக்குமா? யாராவது வாங்கியிருக்கிறீர்களா?