பத்து விநாடிக்குள் ஓடும் தெருக் கார்கள்: டிராக் ஸ்ட்ரிப் என்னும் நேர்கோட்டுப் பந்தயத் தடத்தில் நாங்கள் கண்டவை

டர்பனிலிருந்து, இழையைத் தொடங்கியவர்:

அனைவருக்கும் வணக்கம். ஷோரூமிலிருந்து எடுத்து வந்த நிலையிலேயே கால் மைலை, அதாவது 402 மீட்டரை, 11 விநாடிக்கு அருகில் கடக்கும் கார்கள் இன்று நம்மவர் வீட்டு வாசல்களில் நிற்கின்றன. ஒரு காலத்தில் அந்த நேரத்தைத் தொட விரும்பியவர் இருக்கைகளைக் கழற்றி, எஞ்சினை மாற்றி, கார் உருண்டால் கூரை நசுங்காமல் காக்கும் ரோல் பார் என்ற இரும்பு வளைவைப் பற்றவைத்து, மாதக்கணக்கில் கராஜிலேயே கிடக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பினூடே பாதுகாப்பு விதிகளும் தாமாகவே மனத்தில் பதிந்தன. இன்று காரை வாங்கியவருக்கு வேகம் முதல் நாளிலேயே கிடைத்துவிடுகிறது. விதிகளை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆகவே தடத்தில் நீங்கள் நேரில் கண்டவற்றை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பேச்சுக்கு ஓர் அடித்தளமாக, அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ வகுத்த எல்லைகளைக் குறிப்பிடுகிறேன். நம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற பந்தயங்கள் மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆப்பிரிக்காவின் கீழ் நடக்கின்றன. ஒவ்வொரு நிகழ்வின் துணை விதிகளையும் தனியாகப் படித்தே ஆக வேண்டும். ஆனாலும் நம் பேச்சில் அடிபடும் எண்கள் பெரும்பாலும் அமெரிக்க எண்களே. அந்தக் கணக்கில் 13.99 விநாடி அல்லது அதைவிட வேகமாக ஓடினால் ஹெல்மெட் கட்டாயம். 11.49 விநாடிக்கு ரோல் பார் தேவை. கூரை திறக்கும் கார்களுக்கு 13.49 விநாடியிலேயே அது வந்துவிடும். 9.99 விநாடியைத் தொட்டாலோ, மணிக்கு 135 மைலை, அதாவது 217 கிலோமீட்டரை எட்டினாலோ ஓட்டுநரைச் சுற்றிக் கூண்டாக நிற்கும் முழு ரோல் கேஜும் பந்தய ஓட்டுநர் உரிமமும் வேண்டும். 150 மைலில், காரை நிறுத்த உதவும் பாராசூட் சேரும்.

இந்தப் பழைய அட்டவணை புதிய கார்களுக்குப் பொருந்தாமல் போனதால் பின்னர் சலுகை வந்தது. 2008ஆம் ஆண்டு மாடல் முதலான தொழிற்சாலைக் கார்கள், சீட் பெல்ட், காற்றுப்பை, ஏபிஎஸ் ஆகியவை தயாரிப்பாளர் கொடுத்தபடியே வேலை செய்யும் நிலையில், ரோல் பார் இல்லாமல் 10.00 விநாடி வரை, 135 மைல் வரை ஓடலாம். 2014ஆம் ஆண்டு மாடல் முதலானவற்றுக்கு அந்த எல்லை 9.00 விநாடிக்கும் 150 மைலுக்கும் நகர்த்தப்பட்டது. 2018ஆம் ஆண்டு மாடலாக வந்த டாட்ஜ் டீமன் 9.65 விநாடியில் ஓடியதால், கேஜ் இல்லை என்ற காரணத்துக்காகத் தடத்துக்கு ஆகாத கார் என்று அன்று முடிவானது. விதி தளர்ந்த பின் அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட டீமன் 170, 8.91 விநாடியில் 151 மைலைத் தொட்டு, புதிய எல்லையையும் நூலிழையில் தாண்டியது. விளம்பரத்துக்கு அதைவிட நல்ல தடை கிடைக்காது என்பது வேறு விஷயம்.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணன் சொன்ன 2008 என்ற எண்ணை வைத்தே ஒரு பெரிய வாக்குவாதத்தை நான் நேரில் பார்த்தேன். பந்தயத்துக்கு முன் கார்களைச் சோதிக்கும் வரிசையில் ஒரு ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் நின்றது. வெளியே பார்த்தால் கல்லூரிக்குப் போகும் பையனின் கார், உள்ளே 1.8 டர்போ எஞ்சின், பெரிய டர்போ, பின்னிருக்கை இருந்த இடத்தில் வெறும் தகடு. அதன் உரிமையாளர் பதிவுப் பத்திரத்தை எடுத்துக் காட்டி, இது 2009ஆம் ஆண்டுக் கார், ஆகவே பத்து விநாடி வரை ரோல் பார் தேவையில்லை என்று வாதாடினார்.

எழுத்தளவில் பார்த்தால் அவர் கேள்வியில் தர்க்கம் உண்டு. நம் நாட்டு யூட்டன்ஹேக் ஆலையில் சிட்டி கோல்ஃப் 2009 வரை தயாரானது உண்மை. ஆனால் அதன் உடல் 1974இல் ஐரோப்பாவில் வெளிவந்த முதல் தலைமுறை கோல்ஃபின் உடல். காற்றுப்பை கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, கூரையைத் தாங்கும் தூண்களோ விரல் அளவு. சலுகை ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டதன்று. அந்த ஆண்டுக் கார்களில் இருக்கும் என்று எதிர்பார்க்கப்படும் காப்புச் சாதனங்களுக்கே கொடுக்கப்பட்டது. சோதனையாளர், வயதில் மூத்தவர், குரலை உயர்த்தாமல், "தம்பி, சலுகை கேட்கும் காற்றுப்பையைக் காட்டு, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அந்தக் கார் அன்று 11.50க்கு மேல் ஓடும் பிரிவில் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. உரிமையாளருக்கு அதில் மகிழ்ச்சியில்லை. ஆயினும் அந்தத் தீர்ப்பே சரி என்பது என் எண்ணம்.

புதிய கார்களின் கூரை எப்படி வேறுபடுகிறது என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம். அமெரிக்காவில் கார்களின் விபத்துப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐஐஎச்எஸ் அமைப்பு 2009இல் தொடங்கிய கூரைச் சோதனையில் முதல் தரம் பெற, கார் தன் எடையைப் போல நான்கு மடங்கு சுமையைக் கூரையின் ஒரு பக்கத்தில் தாங்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டு பழைய வடிவத்திடம் அதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

லெனேசியாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் பக்கத்தினர் அடிக்கடி மறக்கும் ஒன்றை எழுதுகிறேன். நேரச்சீட்டில் அச்சாகும் எண் காருடையது மட்டுமன்று, அன்று அந்தக் கார் சுவாசித்த காற்றுடையதும் ஆகும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் எங்கள் டார்ல்டன் தடம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே உள்ளது. கேப் டவுனின் கில்லர்னி தடம் கடலோரத்தில் உள்ளது. மேட்டுநிலத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 15 முதல் 20 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ அதே அளவு திறனை இழக்கிறது; டர்போ உள்ளது, அதன் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளி ஈடுகட்டுவதால், அதைவிடக் குறைவாகவே இழக்கிறது.

என் மைத்துனரின் நண்பர் ஒருவர் கடற்கரைப் பக்கம் நடந்த நிகழ்வுக்குத் தம் காரை லாரியில் ஏற்றிச் சென்றார். இங்கே அந்தக் கார் 10.1 விநாடியில் ஓடியதால் தாம் எல்லைக்கு வெளியே பாதுகாப்பாக இருப்பதாக நம்பினார். கால் மைல் நேரம் ஏறத்தாழத் திறனின் மூன்றாம் படிமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஐந்து சதவீதத் திறன் திரும்பக் கிடைத்தாலே 10.1 என்பது 9.94 ஆகிவிடும். அதுவே நடந்தது. முதல் ஓட்டத்திலேயே எண் ஒன்பதில் தொடங்கியது. அமைப்பாளர்கள் அவரை அழைத்து, அன்றைய ஓட்டம் முடிந்தது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அவர் கார் 2010ஆம் ஆண்டு மாடல், கேஜ் இல்லை. ஆயிரம் ரேண்டுக்கு மேல் டீசல் செலவழித்து ஒரே ஓட்டம்.

டர்போ இல்லாத பழைய கார்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரியது. இங்கே 12.0 ஓடும் வி8 ஒன்று கடலோரத்தில் 11.3க்கு இறங்கக்கூடும், அதாவது ரோல் பார் கோட்டையே தாண்டிவிடும். ஆகவே தாழ்நிலத்துக்குப் போகும் முன் கணக்கைப் போட்டுப் பார்த்து, டர்போ கார்களில் தேவைப்பட்டால் டர்போ தரும் பூஸ்ட் அழுத்தத்தைக் குறைத்து வைக்கும்படி எங்கள் குழுவினருக்கு இப்போது முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறோம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து, கார்களைச் சோதிக்கும் பணியில் உதவும் உறுப்பினர்:

சாட்ஸ்வர்த் நண்பர் எழுதிய மூத்தவரை எனக்கும் தெரிந்திருக்கலாம். அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். நான் அடிக்கடி திருப்பி அனுப்புபவை பழைய கார்கள் அல்ல, புத்தம் புதியவை. நான்கு சக்கர இயக்கமுள்ள ஒரு ஜெர்மன் கார், தொழிற்சாலை நிலையில் எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே போகக்கூடியது, அழகுக்காக மாற்றிய ஸ்டீயரிங் சக்கரத்தோடு வந்தது. அந்தச் சக்கரத்தில் காற்றுப்பை இல்லை. எச்சரிக்கை விளக்கு எரியாதிருக்க ஒரு மின்தடையைச் செருகியிருந்தார்கள். அதோடு முன்னிருக்கைகளில், இரு தோள்களையும் கட்டும் பந்தயப் பெல்ட்டான நான்கு முனை ஹார்னஸ். சலுகையின் நிபந்தனை அங்கேயே உடைந்துவிட்டது.

இதை விளக்கும்போது பலர், ஹார்னஸ் கூடுதல் பாதுகாப்புத்தானே என்று கேட்கிறார்கள். கார் உருண்டு கூரை உள்ளே நசுங்கினால், மூன்று முனை பெல்ட் அணிந்தவரின் உடல் பக்கவாட்டில் சாய இடமுண்டு. தோள்கள் இரண்டும் கட்டப்பட்டவர் நிமிர்ந்த நிலையிலேயே அந்தக் கூரையைச் சந்திக்கிறார். மேலும் கால்களுக்கிடையே வரும் ஐந்தாவது பட்டை இல்லாத ஹார்னஸ், மோதலில் இடுப்புப் பட்டையை வயிற்றின்மேல் இழுத்துவிடும். ஹார்னஸும் ரோல் பாரும் பொருத்தமான இருக்கையும் சேர்ந்தே ஓர் அமைப்பு. அதிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கினால், தொழிற்சாலை கொடுத்த அமைப்பும் கெட்டுப் புதியதும் நிறைவேறாது.

சக்கரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேஸர் தகடு போட்டு அகலமான சக்கரம் மாட்டுவோர், நட்டின் ஆறுபக்கப் பகுதிக்குள் சக்கரத்தைப் பிடிக்கும் மரையாணியான ஸ்டட் தன் விட்டத்தின் அளவாவது நுழைந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். அடுத்தது பாட்டரி: டிக்கிக்கு மாற்றியிருந்தால் காரின் பின்புறம் வெளியே ஒரு துண்டிப்புச் சுவிட்ச் இருக்க வேண்டும், அதை அழுத்தினால் எஞ்சினும் நிற்க வேண்டும். பாட்டரி மட்டும் துண்டிக்கப்பட்டு, எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்த ஒரு காரை நாங்கள் சோதனையில் கண்டோம். விபத்துக்குப் பின் ஓடி வரும் தீயணைப்பாளருக்கு அந்தச் சுவிட்ச் வெறும் அலங்காரம்.

பின்சக்கர இயக்கமுள்ள கார்களுக்கு, திறனைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் நீண்ட தண்டைச் சுற்றி நிற்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வளையமும் உண்டு. டர்போ பொருத்திய பழைய பிஎம்டபிள்யூ 325ஐஎஸ்களை, நம் ஊரார் குஷேஷே என்று கொண்டாடும் கார்களை, வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். முன்மூட்டு உடைந்தால் ஷாஃப்டின் முனை தரையில் குத்தி, ஓடும் காரைத் தூக்கிவிடும். மூட்டிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் நிற்கும் அந்த வளையம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

கேப் டவுன் ரைலண்ட்ஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

சுருக்கமாக எழுதுகிறேன். சாலை டயரோடு வருபவர், தொடக்கக் கோட்டுக்கு முன் டயரைச் சுழற்றிச் சூடாக்க நனைத்து வைக்கும் இடமான தண்ணீர்ப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதன் வழியே போகக் கூடாது. பந்தய டயருக்கு மட்டுமே அந்தத் தண்ணீர். சாலை டயரின் பள்ளங்கள் அதைச் சுமந்து சென்று தொடக்கக் கோட்டில் கொட்டிவிடும். ஏர் கண்டிஷனரையும் வரிசையில் நிற்கும்போதே அணைத்துவிட வேண்டும். சென்ற கோடையில் ஓர் எஸ்யூவி சொட்டிய நீரில் அடுத்து வந்த கார் வழுக்கி நடுக்கோட்டுப் பக்கம் திரும்பியது. ஓட்டியவர் உடனே ஆக்ஸிலரேட்டரை விட்டதால் தப்பினார். அவருக்கு அது நல்ல ஓட்டமாகத் தொடங்கியிருந்ததால், காலை எடுப்பது எளிதாக இருந்திருக்காது.

டர்பன் பீனிக்ஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

எல்லாவற்றையும் படித்தபின் ஒரு கேள்வி. என் காரில் ரோல் கேஜ் போட்டுவிட்டால் எந்தத் தடத்திலும் சிக்கலில்லை அல்லவா? அதே காரில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் உறுப்பினரின் மறுமொழி:

தம்பி, தடத்தில் சிக்கல் குறையும், சாலையில் கூடும். கேஜின் குழாய்கள் ஹெல்மெட் அணிந்த தலைக்காகக் கணக்கிடப்பட்டவை. ஹெல்மெட் இல்லாத தலை, ஒரு சாதாரண நகர மோதலிலேயே, அந்த இரும்பைத் தொட்டுவிடும். உறையிட்டாலும் அது இரும்புதான். பக்கவாட்டுக் காற்றுப்பைத் திரைகள் விரியும் வழியையும் குழாய்கள் அடைத்துவிடும். பின்னிருக்கையில் பிள்ளைகள் உட்கார வேண்டிய காரில் கேஜ் வேண்டாம் என்பதே என் கருத்து. கார் எந்த ஆண்டு மாடல், காற்றுப்பைகள் அனைத்தும் இருக்கின்றனவா, டர்பனில் எந்த நேரம் ஓடுகிறது என்று எழுதுங்கள். சலுகைக்குள் நிற்கும் காராக இருந்தால் ஒரு நல்ல ஹெல்மெட் மட்டும் போதும். அதையும் வாங்கும்போது, ஹெல்மெட்களைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் முத்திரையில் எஸ்ஏ என்று தொடங்குவதைப் பாருங்கள். எம் என்று தொடங்குவது மோட்டார் சைக்கிளுக்கானது, அதன் உட்புறத் துணிக்குத் தீயைத் தாங்கும் சோதனை கிடையாது.