மலையூருக்குக் குடிபோகலாமா? இருந்தவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்:

கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன ஊர். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை, எங்கே உட்கார்ந்தாலும் சம்பளம் வந்துவிடும். வீடும் பார்த்துவிட்டார், ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. கூட வரப்போவது எழுபதைத் தாண்டிய மாமியார், பள்ளிக்குப் போகும் மகன், நான். 'சுத்தமான காற்று, அமைதி' என்று புகழ்கிறவர்கள் எல்லாரும் இரண்டு நாள் தங்கிவிட்டு இறங்கியவர்கள். குடித்தனம் நடத்தியவர்கள் பேசினால் நன்றாக இருக்கும். போகாதே என்றாலும் காரணத்தோடு சொல்லுங்கள்.

மலையிலேயே இருப்பவர்:

நாங்கள் போனோம், தங்கிவிட்டோம், இறங்குகிற எண்ணம் இல்லை. அதனால் என் பேச்சில் பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

1000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கீழே 33 டிகிரி கொதிக்கும்போது உங்கள் வீட்டில் 20. கேட்கவே சுகம். ஆனால் அங்கே சண்டை குளிரோடு இல்லை, ஈரத்தோடு. மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி வந்து உட்காரும். துணி நாள் கணக்கில் காயாது. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போட்டால் அதன் முதுகில் பூஞ்சை பிடிக்கும், ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். குளிருது என்று நாள் முழுக்க ஜன்னலைச் சாத்தி வைத்தால் மூச்சும் சமையல் ஆவியும் சேர்ந்து சுவரில் வியர்க்கும். தினமும் கொஞ்ச நேரமாவது திறந்தே ஆகவேண்டும்.

வீடு பார்க்கும்போது காட்சியைப் பார்க்காதீர்கள், வெயிலைப் பாருங்கள். எதிரே உயரமான முகடு நின்றால் பிற்பகலிலேயே சூரியன் போய்விடும். பள்ளத்தின் அடியில் இருக்கிற வீட்டையும் யோசித்து எடுங்கள். தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கி அங்கேதான் தேங்கும். சரிவின் நடுவில் இருக்கிற வீடு அதைவிட இதமாக இருக்கும்.

அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் வேகாது. குக்கர் இல்லாமல் சமையல் ஓடாது.

இதையெல்லாம் யார் கவனிப்பது என்று கேட்டால், எங்கள் வீட்டில் நான்தான். அவர் ஜன்னலோரம் மடிக்கணினியோடு இருப்பார். மலை வீட்டில் எல்லார் மேலும் ஒரே எடை ஏறாது. உங்கள் வீட்டில் யார் மேல் எவ்வளவு ஏறும் என்று முதலில் பாருங்கள்.

செவிலியர் ஒருவர்:

மேலே அக்கா சொன்னதை மருத்துவப் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். மலையூர் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன்.

2000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம். ஆனால் ஒரு மூச்சில் உள்ளே போவது குறைவு. ஆரோக்கியமானவர்களுக்கு முதல் சில நாள் படியேறினால் இரைக்கும், பிறகு உடம்பு பழகிவிடும். தலைவலியும் வாந்தியுமாக வருகிற மலைநோய் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல்தான். அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். உங்கள் மாமியாருக்கு இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கடுமையான ரத்தசோகை இதில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் முன்பணம் கொடுக்கும் முன் அவருடைய டாக்டரைப் பாருங்கள்.

'ஆஸ்பத்திரி இருக்கிறதா' என்று விசாரிக்காதீர்கள், எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூளை ஸ்கேன் எடுக்கிற இடம் எது, மூடுபனியில் அங்கே போக எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். ரத்தக்கட்டியால் வருகிற பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகு. வளைவுப் பாதையில் அந்த நேரம் எப்படிக் கரையும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

இன்னொன்று, குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

திரும்பி வந்தவர்:

நாங்க இறங்கினது குளிரால இல்ல, படியால. ரோட்டிலிருந்து வீட்டுக்குச் செங்குத்தா படிக்கட்டு. எனக்கு அது உடற்பயிற்சி. அம்மாவுக்கு அது பூட்டு. முதல்ல சந்தைக்குப் போறது நின்னுச்சு, அப்புறம் கோயில், கடைசில வாசல் வரைக்கும்தான். 'எவ்வளவு அழகான ஊர்'னு வர்றவங்க எல்லாம் சொல்லுவாங்க, அம்மா தலையாட்டிக்கிட்டு ஜன்னல்லயே உட்கார்ந்திருப்பாங்க. கீழே வந்த மறுவாரமே தனியா கிளம்பிப் போய்ப் பூ வாங்கிட்டு வந்தாங்க.

வேலை விஷயமா ஒண்ணு, சார்கிட்ட சொல்லுங்க. ரெண்டு கம்பெனி இணையம் வாங்கிட்டா தப்பிச்சிடலாம்னு தோணும். ரெண்டு கம்பியும் ஒரே ரோட்டோரமா ஏறி வந்தா, ஒரு மண்சரிவுல ரெண்டும் சேர்ந்தே போகும். எந்த வழியா வருதுன்னு விசாரிக்கணும்.

மேஸ்திரி:

சரிவுல கட்டின வீட்டுக்குத்தான் என் வேலை. நீங்க பார்த்த வீட்டுக்குப் பின்னாடி மலையை வெட்டிச் சுவர் எழுப்பியிருந்தா, அந்தச் சுவர்ல தண்ணி வடிய ஓட்டை இருக்கான்னு பாருங்க. ஓட்டை இல்லேன்னா மழைத் தண்ணி பின்னால தேங்கிச் சுவரையே தள்ளும். ஓட்டை இருந்தும் நல்ல மழையில சொட்டு வரலேன்னா அடைஞ்சு கிடக்குன்னு அர்த்தம். தரையில புதுசா வெடிப்பு, சாஞ்ச மரம், நேத்து வரைக்கும் சாத்தின கதவு இன்னைக்குச் சிக்குறது, தெளிவா வந்த ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்குறது, இதெல்லாம் மண்ணு நகருதுங்கிறதுக்கு அடையாளம். புதுப் பெயின்ட் அடிச்ச வீடுன்னா இன்னும் உத்துப் பாருங்க, வெடிப்பை மூடத்தான் பாதிப் பேர் பெயின்ட் அடிக்கிறாங்க.

கோடையில வீடு பார்த்து முடிக்காதீங்கம்மா. மழையில ஒருதரம் பாருங்க. கோடையில பார்க்க வேண்டியது தண்ணி வருதான்னு மட்டும்தான். ஊத்தை நம்பின வீடுன்னா கட்டாயம் பாருங்க.

கேட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இதை வீட்டில் சத்தமாகப் படித்தேன். மகன் 'பள்ளிக்கூடம் பற்றி யாருமே சொல்லலையே' என்றான், அதை விசாரிக்க அடுத்த வாரம் நேரில் போகிறோம். மாமியார் படிக்கட்டு பத்தியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அவருக்கு ரத்தசோகை உண்டு, பரிசோதனைக்குத் தேதி வாங்கியாயிற்று.

வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். மழை மாதங்களுக்கு மட்டும் வாடகைக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ரோட்டு மட்டத்திலேயே ஒரு வீடு தேடுகிறோம். துணி காயப்போடுவதும் அலமாரி தள்ளுவதும் கணவர் பொறுப்பு என்று எழுதி வாங்கவில்லை, வாய் வார்த்தையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் ரோட்டு மட்டத்து வீட்டில் பள்ளத்தாக்கு தெரியாதே என்று இன்னும் புலம்புகிறார். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.