பதில்: செமி ஓட்டோமெட்டிக் கியர்பெட்டிக்கு எந்தச் சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் செமி ஓட்டோமெட்டிக் கியர்பெட்டிக்கு ‘அரைத்தானியங்கிக் கியர்பெட்டி’ என்று வைக்கலாமெனக் கொழும்பிலிருந்து எழுதிய ஐயா முன்மொழிந்திருக்கிறார். இலக்கணப்படி சரியான சொல், பார்த்தவுடன் விளங்கவும் செய்கிறது. ஆனால் ஹட்டன் பக்கம் பழைய கார்களைத் திருத்துகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் மறுப்பு உண்டு. கிளச் விடுவது, கியர் மாற்றுவது என்ற இரண்டு வேலைகளில் எது தானாக நடக்கிறது, எது சாரதியின் கையில் இருக்கிறது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. பழுது பார்க்க வருகிறவனுக்கு முதலில் தெரியவேண்டியதே அதுதான்.

வோக்ஸ்வாகன் பீட்டிலை எடுத்துக்கொள்வோம். 1968 மாதிரியிலிருந்து அதில் ‘ஓட்டோஸ்டிக்’ வகையும் வந்தது. கிளச் பெடல் கிடையாது. முன்னுக்குப் போக மூன்று கியர், அவற்றை மாற்றுவது முழுக்கச் சாரதிதான். கியர் தடியைச் சற்று அழுத்தியதும் அதன் அடியிலுள்ள மின்தொடுப்பு இணைந்து, எஞ்சின் அறையிலுள்ள கட்டுப்பாட்டு வால்வுக்கு மின்சாரம் போகிறது. வால்வு திறந்து எஞ்சினின் வெற்றிடத்தை ஒரு சவ்வுப் பெட்டிக்கு விடுகிறது. சவ்வு தண்டை இழுக்க, கிளச் விடுகிறது, அதாவது எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் உள்ள தொடுப்பு பிரிகிறது. கையை எடுத்தால் மறுபடி பிடிக்கிறது. கியரில் இருந்தபடியே வண்டி அணையாமல் நிற்பது, எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் முறுக்குமாற்றியால் (டோர்க் கன்வேட்டர்). ஆக, தானாக நடப்பது கிளச் வேலை மட்டும்.

‘தானியங்கி’ என்று காதில் விழுந்தால் கராஜில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒட்டோமெட்டிக் எண்ணெயைக் கொண்டுவந்து கியர்பெட்டியில் ஊற்றிவிடுவார்கள். அந்த எண்ணெய் முறுக்குமாற்றிக்கு உரியது, அதற்குத் தனித் தொட்டி இருக்கிறது. பற்சில்லுகள் இருக்கும் பகுதிக்குச் சாதாரணக் கியர் எண்ணெய்தான், 90ஆம் இலக்கம். மாற்றி ஊற்றினால் பற்கள் தேய்ந்து போகும், அதற்குப் பிறகு பாகம் தேடி அலைய வேண்டும். எஞ்சின் எண்ணெய் அளவு காரணமில்லாமல் கூடினால், இரண்டு எண்ணெயையும் தள்ளும் இரட்டைப் பம்பின் சீல் போய் அந்த ஒட்டோமெட்டிக் எண்ணெய் உள்ளே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கியர் மாற்றும்போது கரகரவென்று அரைத்தால் உடனே பெட்டியைக் கழற்ற வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, கியர் தடியைப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்துங்கள். பின்னால் வால்வு ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மின்தொடுப்பு கருகியிருக்கும், அல்லது வயர் விட்டிருக்கும். சத்தம் கேட்டும் சவ்வுப் பெட்டியின் தண்டு அசையாவிட்டால் வெற்றிடக் குழாய்களைப் பாருங்கள். இறப்பர் குழாய் வளைகிற இடத்தில்தான் வெடிக்கும். மேலே தூசி படிந்து நன்றாகவே தெரியும், விரலால் மடித்தால்தான் உள்ளே கீறல் வாய் திறக்கும். இப்படிக் காற்று ஒழுகும் வண்டி சும்மா நிற்கும்போதே ஒழுங்கில்லாமல் ஓடும்.

மலைநாட்டில் இன்னொரு சிக்கல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சவ்வைத் தள்ளுவதே வெளிக்காற்று என்பதால் இழுக்கும் பலமும் குறைகிறது. ரம்பொடையில் அக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போது எஞ்சினில் வெற்றிடமே இருக்காது, வெற்றிடத்தைச் சேர்த்துவைக்கும் இருப்புத் தொட்டியில் உள்ளதை நம்பித்தான் கியர் மாற வேண்டும். தொட்டி ஒழுகினால் கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி இங்கே அரைக்கும். இறக்கத்தில் இதைவிட ஆபத்து: பழக்கதோஷத்தில் தடியில் கையை வைத்துக்கொண்டே இறங்கினால் கிளச் விட்டுவிடும், எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். கலைச்சொல்லில் கிளச் என்ற பேர் இருந்தாலாவது ஓட்டுகிறவனுக்கு அது நினைவில் நிற்கும்.

அதனால் என் முன்மொழிவு ‘தன்னியக்கக் கிளச்சுப் பெட்டி’, சுருக்கமாகத் ‘தன்கிளச்’. ‘தன்னியக்க’ நம் நாட்டில் எல்லாருக்கும் பழகிய சொல். தம்பி ஒருவர் தொடுதிரை மாதிரித் ‘தொடுகிளச்’ என்று வைக்கலாமே என்று கேட்டார். எனக்கு அது மிகவும் பிடித்தது, பீட்டிலுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் 1955இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரில் எண்ணெய் அழுத்தம்தான் கிளச்சையும் விட்டு, கியரையும் மாற்றுகிறது. சாரதி எந்தக் கியர் என்று தெரிவு செய்வதோடு சரி. அங்கே தொடு என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆகவே தொடுகிளச்சைத் தன்கிளச்சின் ஒரு வகையாகப் பதியலாம்.

கிளச்சுக்கும் தமிழ் வேண்டும், ‘விடுபற்றி’ என்று போடலாம் என்பவர்களை மதிக்கிறேன். பாடநூலில் வரட்டும். கராஜில் கிளச் என்று கேட்டால்தான் சாமான் வரும், கலைச்சொல் பட்டியல் அங்கே வேலை பார்க்கும் பையனுக்கும் சேர்த்துத்தானே?

பழைய டெய்ம்லர், ஆம்ஸ்ட்ரோங் சிட்லி கார்களின் பெட்டியை இந்தத் தன்கிளச் கூட்டத்தில் சேர்க்கவே கூடாது. நம் நாட்டுக்கு வந்த லண்டன் ஆர்.டி. இரட்டைத்தட்டு பஸ்களிலும் அந்த வகைதான். ஸ்டீரிங் பக்கத்துச் சின்னத் தடியில் அடுத்த கியரை முன்கூட்டியே தெரிவு செய்துவிட்டு, தேவைப்படும்போது இடது பெடலை மிதித்து விட்டால் மாறும். அது கிளச் பெடல் அல்ல. அரைகுறையாக மிதித்தால் காலைத் திருப்பி அடிக்கும், அடிவரை மிதிக்க வேண்டும். உள்ளே உருளைகளை இறுக்கும் பட்டைகள் வழுக்கினால் அவற்றின் சீராக்கியைப் பார்க்க வேண்டும். அதற்குக் கிளச் தட்டைத் தேடிப் பயனில்லை. இந்த வகைக்கு ‘முன்தெரிவுப் பெட்டி’ என்று தனிச்சொல் வைப்போம்.

‘அரைத்தானியங்கி’ எல்லாவற்றுக்கும் பொதுத் தலைப்பாக இருந்துவிட்டுப் போகட்டும், ஐயாவும் இதற்குச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். டி.எஸ். வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், தன்கிளச் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா, இல்லை கியரும் தானாக மாறுவதால் வேறு சொல் வேண்டுமா என்று எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் பட்டியலில் பதிய வேண்டும்.